ஜூலையில் வாருங்கள்

உங்கள் மனைவி, முன்பின் பார்த்திராத ஒரு ஆளிடம் போனில் வெயிலையும் மழையையும் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தேய்ன் ஆல்ரெட் ஐஸ் இயந்திரத்துக்குப் பின்னால் படுத்தபடி, கையில் ஸ்பேனரோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக்கேட்டான்.

அது பிப்ரவரி. யூட்டாவின் தெற்குக் கோடியில், தேசியப் பூங்காவான சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கின் வாசலை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. பிப்ரவரி பிறந்தால் ஊரிலிருக்கும் எல்லா மோட்டல்களிலும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே கேள்விதான். எப்போது வந்தால் நல்லது? தேய்னின் மனைவி லாரூ, கல்யாணமாகி அவர்கள் மோட்டலின் முன்மேசைக்கு வந்த நாளிலிருந்து அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள்.

"வசந்த காலத்துல ஆத்துல பனித்தண்ணி பொங்கும், உள்ள நடக்க விடமாட்டாங்க. ஜூலைல வெயில் மண்டையப் பொளக்கும், கூட்டமும் அப்படித்தான். செப்டம்பர் கடைசில வாங்க, எல்லாம் சரியா இருக்கும்."

ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரே ராகத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் அன்றைக்கு அந்த ராகம் வரவில்லை.

"உங்களுக்குக் கூட்டம்னா பிடிக்குமா?" என்று கேட்டாள். "அய்யய்யோ, அவ்வளவு தூரம் நடக்க வேணாம்... ஆமா... என்னங்க?... எனக்கா?"

தேய்ன் ஸ்பேனரைத் தரையில் வைத்தான்.

லாரூ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நவம்பர்ல வாங்க. முதல் வாரம் கழிஞ்சதும் வாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்ன?" என்று சொல்லிச் சிரித்தாள்.

தேய்னின் தலை ஐஸ் இயந்திரத்தில் 'ணங்'கென்று இடித்தது.

அவனுக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப் போட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நவம்பரில் அந்த ஒரு வாரம் ஊரின் சொந்தச் சொத்து. ஆற்றங்கரையில் நிற்கிற காட்டன்வுட் மரங்கள் தலையோடு கால் மஞ்சளாகி, சிவப்புப் பாறைக்கு முன்னால் விளக்குப் போட்ட மாதிரி நிற்கும். சொந்த வண்டியை உள்ளே விடாத பூங்கா பஸ் காலம் முடிந்திருக்கும். ஊர்க்காரர்கள் தங்கள் வண்டியிலேயே உள்ளே போய், இரும்புச் சட்டியில் கோழியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் யாரும் சொன்னதில்லை. பத்திரிகைக்கு எழுதுகிற பெண் ஒருத்தி ஒருமுறை வந்து விசாரித்தபோது, தபாலாபீஸ்காரம்மா, "நவம்பரா? ஒரே மூடுபனி, மூக்கு நுனிகூடத் தெரியாது" என்று கூசாமல் சொல்லி அனுப்பினாள். அப்படிப்பட்ட வாரத்தை லாரூ ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதுவும் சிரித்துக்கொண்டே.

"யாரு போன்ல?" என்று எழுந்து வந்து கேட்டான் தேய்ன்.

"அயோவாலேர்ந்து ஒருத்தர். வெண்டல்னு பேரு."

"அயோவாக்காரனுக்கு இவ்வளவு நேரமா?"

"அவரு நிதானமாப் பேசறாரு" என்றாள் லாரூ. அந்த 'நிதானமா'வில் தன்மேல் ஏதோ குற்றம் இருப்பதாகத் தேய்னுக்குப் பட்டது.

அந்த மாதமே வெண்டல் மறுபடி கூப்பிட்டார். என்ன செருப்புக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கவாம். பிறகு இன்னொரு முறை, காலையில் எத்தனை மணிக்கு வெளிச்சம் பாறையில் விழும் என்று கேட்க. தேய்ன் மனதுக்குள் வெண்டலை வரைய ஆரம்பித்தான். உயரமான ஆள். வாரிவிட்ட தலைமுடி. ரேடியோவில் பேசுகிறவன் மாதிரிக் குரல். பெண்டாட்டி செத்துப்போயிருப்பாள், அல்லது விட்டுவிட்டு ஓடியிருப்பாள். காலையில் பேப்பர் வந்தால் தேய்ன் முதலில் அயோவா வானிலையைப் பார்ப்பான். அங்கே கடுங்குளிர் என்று போட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். லாரூ தபாலில் ஒரு நீலச் சட்டை வரவழைத்தாள். நீலம் யாருக்குப் பிடிக்குமோ என்று அதையும் யோசித்தான்.

லாரூவின் தம்பி டெல்வின் பூங்கா பஸ் ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் வேலை கிடையாது என்பதால் மோட்டல் முன்னறையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன பிரதர் ஆல்ரெட்" என்று சர்ச்சுக்குள் கூப்பிடுகிற மாதிரி இழுத்தான். "போன் அடிச்சா நீ எடுக்கறதுக்கு முன்னாடி உன் மூஞ்சி எடுக்குது?"

"வாய மூடிக்கிட்டுக் குடிடா."

"அக்கா என்னைக்குமே இவ்வளவு சிரிச்சதில்ல. அந்த ஆளு வந்தா கைகுலுக்கணும். எங்க வீட்டாளுங்களால முடியாதத செஞ்சிருக்காரு."

அன்று மதியம் லாரூ மளிகை வாங்கப் போயிருந்தபோது தேய்ன் அயோவாவுக்குப் போன் போட்டான்.

"மோட்டல் ஓனர் பேசறேன். நீங்க நவம்பருக்குக் கேட்டிருந்தீங்க. அப்ப இங்க ஒண்ணும் இருக்காதுங்க. பஸ் ஓடாது. இலையெல்லாம் கொட்டி மரம் எலும்பா நிக்கும். நீங்க ஜூலைல வாங்க."

"ஜூலையா? மேடம் வெயில்னு சொன்னாங்களே?"

"அவங்களுக்கு வெயில் ஒத்துக்காது. அதான் அப்படிச் சொல்லுவாங்க."

மறுமுனையில் வந்த குரல் ரேடியோக்காரன் குரல் மாதிரி இல்லை, சற்றே மூக்கால் வந்தது. "நான் ஸ்கூல் பஸ் மெக்கானிக்குங்க. நவம்பர்னா யார்கிட்டயாவது லீவுக்குக் கெஞ்சணும். ஜூலைன்னா ஸ்கூலே கிடையாது. நல்லவேளை நீங்க சொன்னீங்க! நேர்ல வந்து நன்றி சொல்றேன்."

தேய்ன் போனை வைத்தான். லாரூ திரும்பி வந்ததும், "அயோவாக்காரர் ஜூலைக்கு மாத்திக்கிட்டாரு" என்றான்.

"ஏன்?"

"லீவு கிடைக்கலையாம்."

லாரூவின் முகம் விழுந்துவிட்டது. "ஓகோ" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளை மடிக்கப் போனாள். அன்று ஒரு நாள் முழுக்கத் தேய்னுக்குக் கொண்டாட்டம். மறுநாள்தான் உறைத்தது. அவன் நவம்பரில் வராவிட்டால் இவள் முகம் எதற்கு விழ வேண்டும்? அதுவும் அவ்வளவு ஆழமாக?

ஜூலை வந்தது. ஊர் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. கார் நிறுத்த இடமில்லாமல் சனங்கள் சர்ச் வாசல்வரை வண்டியைச் சொருகினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு சாயங்காலம், சாக்ஸுக்கு மேல் சாண்டல் மாட்டிக்கொண்டு, குட்டையாக, வழுக்கையாக, காதில் தோலுரிந்த ஒரு ஆள் உள்ளே வந்து, "நான் வெண்டல்" என்றார்.

தேய்னுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இவனா? இதற்கா பேப்பரெல்லாம் பார்த்தோம்?

அந்த நிம்மதி அவர் வாயைத் திறக்கும்வரைதான்.

"நீங்கதானா அது!" என்று வெண்டல் தேய்னின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மேடம், உங்க வீட்டுக்காரருக்குத்தான் நன்றி சொல்லணும். அவரு போன் பண்ணி ஜூலைல வாங்கன்னு சொல்லலன்னா நான் வந்திருக்கவே முடியாது."

லாரூ தேய்னைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள். மாடியில் பாறை பார்த்த அறையின் சாவியை எடுத்து வெண்டலிடம் கொடுத்தாள். அது பழைய வாடிக்கைக்காரர்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிற அறை.

வேலை முடிந்து சோடாவோடு சாய்ந்திருந்த டெல்வின் மெதுவாகச் சொன்னான். "பிரதர் ஆல்ரெட், இன்னிக்கு உனக்கு ஐஸ் மெஷினுக்குப் பக்கத்துலதான் படுக்கை."

ஆனால் லாரூ அன்றைக்குச் சண்டை போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. அதுதான் தேய்னைப் போட்டு வதைத்தது. வெண்டலுக்காவது பள்ளத்தாக்கு சலிக்கட்டும் என்று காத்திருந்தான். பஸ்ஸுக்கு நீள வரிசை. வெள்ள எச்சரிக்கை என்று ஆற்றுக்குள் நடக்கிற பாதையை அடைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த மனுஷர் சாயங்காலம் சிவந்துபோய்த் திரும்பி வந்து, முன்னறையில் உட்கார்ந்து, வரிசையில் தனக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் கதையை லாரூவுக்குச் சொன்னார். லாரூ நீலச் சட்டையில் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள். தேய்ன் கெட்டுப்போகாத ஐஸ் இயந்திரத்தை மறுபடி கழற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்தது. ஜூலை மழை அங்கே கேட்டுக்கொண்டு வராது. மேகம் கருத்தது தெரிவதற்குள் கொட்டும். பின்பக்கச் சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் கீழ் அறைகளைப் பார்த்து ஓடிவந்தது. தேய்ன் மண்வெட்டியோடு பாய்ந்தான். மணல் மூட்டைகளை இழுத்துப்போட்டு, "லாரூ! துடைப்பம்!" என்று கத்தினான்.

துடைப்பம் வரவில்லை. வாசல் பக்கம் ஓடிப் பார்த்தான்.

கார் நிறுத்துமிடத்தில் விருந்தாளிகள் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் லாரூ, செருப்பில்லாமல், தலை கலைந்து, மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வெண்டல். எதிரே சிவப்புப் பாறைச் சுவரின் உச்சியிலிருந்து, நேற்றுவரை ஒரு சொட்டு ஈரமில்லாத இடங்களிலிருந்து, வெள்ளை வெள்ளையாக அருவிகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஒம்போது!" என்றார் வெண்டல்.

"பத்து. அந்தப் பிளவுல ஒண்ணு, பாருங்க!"

"அட ஆமா! நீங்க வருஷா வருஷம் இதப் பாப்பீங்களா?"

"பார்த்ததே இல்லீங்க. ஜூலை மழைன்னா எனக்குத் தண்ணி தள்ளற தரைதான் தெரியும்." லாரூ திரும்பி, "தேய்ன்! இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டாள்.

"ரூமுக்குள்ள தண்ணி வருது!"

"வரட்டுமே!" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அண்ணாந்துகொண்டாள்.

அவன்தான் அந்த ஆளை வரவழைத்தவன். வேண்டுமென்றே ஜூலையில் வரவழைத்தான். நவம்பரில் வந்திருந்தால் மஞ்சள் மரத்தைக் காட்டி அனுப்பியிருப்பாள், அது அவள் ஏற்கெனவே பார்த்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேய்ன் மண்வெட்டியைத் தரையில் குத்தினான். அது சேற்றில் புதைந்து நின்றது.

பொழுது சாய்ந்தபின் சலவை அறையில் லாரூ ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் கதவருகில் நின்றான்.

"ஏன் ஜூலைன்னு சொன்ன?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

"நீ ஏன் நவம்பர்னு சொன்ன? அது நம்ம வாரம்."

"நம்ம வாரமா? நீ கடைசியா என்கூட எப்ப வந்த?"

தேய்ன் யோசித்துப் பார்த்தான். "குழாய் வேலை இருக்கும். நவம்பர்லதான் குழாய் உறைய ஆரம்பிக்கும்."

"சரிதான்." அவள் துண்டை உதறினாள். "போன் பண்றவங்க எல்லாரும் எப்ப வரலாம்னு கேப்பாங்க. அவரு, உங்களுக்கு எந்த மாசம் பிடிக்கும்னு கேட்டாரு. அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அதான் உண்மையச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அந்த ஆளு மேல உனக்கு..."

"காதுல தோலுரிஞ்ச அந்த ஆளு மேலயா?" லாரூ சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "தெரியல தேய்ன். அவரோட பேசறதுக்கு நல்லா இருக்கு. அது மட்டும் தெரியுது."

அவள் இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். தெரியவில்லை என்று சொன்னதை நம்பினான்.

"நாளைக்கு முதல் பஸ்ல அவரோட உள்ள போறேன்" என்றாள் லாரூ. "மழைக்கப்புறம் பாறை கழுவிவிட்ட மாதிரி இருக்கும். காட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

"மோட்டல யாரு பாக்கறது?"

"நீதான். எப்பவும் நீதானே பாக்கற."

"நானும் வரேன்."

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "எனக்காகவா, அவருக்காகவா?"

தேய்னுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஜூலைப் பொய்யே இன்னும் காயவில்லை. "அவருக்காகத்தான்" என்றான்.

லாரூ கடைசித் துண்டைக் கொடியில் போட்டாள். "வர்றதுன்னா வா. இடம் பிடிச்சு வைக்க மாட்டேன்."

மறுநாள் காலை தேய்ன் ஆபீசைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினான். டெல்வின்தான் ஓட்டினான். பஸ் நிறைந்திருந்தது. லாரூ ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், வெண்டல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேய்ன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி ஸ்டாப்வரை நின்றுகொண்டே போனான்.