பெயிண்ட் அடித்த வால்வு

போடிமெட்டிலிருந்து ஜீப்பு இறங்கிக்கொண்டிருந்தபோது லிங்கேஸ்வரனுக்குக் குமட்டியது. கொண்டை ஊசி வளைவுகள்தான் காரணமென்று நினைத்த ரேணுகா, எலுமிச்சம்பழத்தை எடுத்துப் புருசனிடம் நீட்டினாள். வளைவு பாவம், என்ன செய்யும்? டவர் கிடைத்ததும் செல்லில் வந்து விழுந்த போட்டோதான் காரணம்.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் அவன் குழாய் இன்ஸ்பெக்டர். ஒரு மாசம் கடல், ஒரு மாசம் வீடு. கடலடியிலிருந்து மேடைக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய் அலைக்குத் தக்க வளைந்து கொடுக்கும். உள்ளே பிளாஸ்டிக், அதன்மேல் இரும்புக் கம்பிச் சுற்று, அதற்கும் மேல் பிளாஸ்டிக் தோல். உள்ளிருந்து கசியும் கேஸ் கம்பிகளுக்கிடையே சேரும். அது வெளியேற, மேடைத் தளத்துக்குக் கீழே குழாயின் உச்சியில் விரல் தண்டிக்கு ஒரு வால்வு உண்டு. அது அடைத்துக்கொண்டால் தோல் வெடிக்கும், உப்புத்தண்ணீர் புகுந்து கம்பியைத் தின்னும், ஒருநாள் குழாயே அறுந்துவிடும்.

போட்டோவில் அந்த வால்வின் வாய் முழுக்க மஞ்சள் பெயிண்ட். பெரிய அதிகாரிகள் வருகிறார்களென்று கண்ணில் பட்டதையெல்லாம் பெயிண்டில் முக்கி எடுத்திருக்கிறார்கள், அறிவுகெட்டவர்கள். கூடவே ரிப்போர்ட்: 'வெளியேறிய கேஸ் சைபர். குழாய் நலம்.' சாயங்காலத்துக்குள் அவன் கையெழுத்து வேண்டுமாம் மேனேஜருக்கு.

ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி, மேனேஜருக்குப் போன் போட்டான்.

"கேஸ் வரலைன்னா நல்லதுதானேப்பா?" என்றார் அவர்.

"மூக்கையும் வாயையும் பொத்திப்புட்டு, மூச்சு வரலை, ஆளு நல்லாருக்கான்னு எழுதுவீகளா சார்? லைனை மூடுங்க."

"மூடினா உன் வேலை இருக்காது." மேனேஜர் சிரித்தார். "போன மாசம் நீயும் சைபர்தானே போட்ருக்க? பெயிண்ட் அடிச்சது அதுக்கும் முந்தி."

லிங்கேஸ்வரன் சைபர் போட்ட அன்றைக்கு மழை. இரும்பு ஏணி வழுக்கியது. மறுநாள் ஹெலிகாப்டரில் ஊருக்குக் கிளம்புகிற அவசரம். அவன் வால்வுக்கு இறங்கவே இல்லை. மேலே நின்றபடி யாரோ கத்திச் சொன்ன எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பெயிண்ட் அடித்தவர்களை ஏசிய அதே வாயால் இப்போது தன்னை என்ன சொல்வது? 'தூ' என்று ரோட்டோரம் துப்பினான். அருவருப்பு வாயை விட்டுப் போகவில்லை.

போனை வைத்துவிட்டு மேடையில் ஷிஃப்ட் பார்க்கும் சிவக்குமாரைக் கூப்பிட்டான். போடிக்காரன். இவன் பேச்சை நம்பிக் கடல் வேலைக்கு வந்தவன்.

"சிவா, வெரசா லைனை மூடு. வால்வு அடைச்சிருக்கு. நான் சொன்னேன்னே எழுது."

"எப்ப இருந்துண்ணே அடைச்சிருக்கு?"

"போன மாசத்துக்கு முந்தியே. நான் பாக்காமலே சைபர்னு எழுதிட்டேன்டா."

சிவக்குமார் யாரிடமோ லைனை மூடச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினான்.

"அண்ணே, நாங்க நாப்பது பேரு. நீங்க பாத்துட்டீகன்னுதாண்ணே இத்தனை நாளும் தூங்கினோம்."