கொப்புளத்துக்குக் காரணம்

1

உள்ளதைச் சொல்லிவிடலாம். இது கதையாகப் பிறக்கவில்லை. பள்ளி ஆண்டு மலருக்காக நிலவழகன் சார் வந்து, "டீச்சர், பயணம், விளையாட்டு, அன்றாட வாழ்க்கைன்னு உங்க கருத்துகள உதிரி உதிரியா எழுதிக் குடுங்க. ஜாலியா இருக்கட்டும்" என்று கேட்டார். இதை எழுதுகிறவளுக்குக் கருத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து எழுதினாள். நாலு வரிக்குள் ஜாலி செத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் தூக்கிச் செல்வராணி என்றொரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டாள். அரிமளத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், ஒரு காலத்தில் மாவட்டத்துக்காக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவள். இனி இதில் வரும் கசப்பெல்லாம் அவளுடையது. எழுதுகிறவள் நல்ல குடும்பத்துப் பெண்.

2

முதல் தொடக்கம்: சித்தன்னவாசல் குகையின் குளிர்ச்சி செல்வராணியின் மேனியைத் தழுவியபோது

[வேண்டாம். அவள் அங்கே போனது ஒரே தடவை, சொந்தக்காரர் கூட்டத்தோடு. புளிச்சோற்றுத் தூக்கைக் காவல் காத்ததில் ஓவியம் எதையும் பார்க்கவில்லை.]

இரண்டாவது: கட்டுமாவடிக் கடலோரம் அதிகாலையில் ஓடிக்கொண்டிருந்த செல்வராணி

[யார் விட்டார்கள்?]

சரி, கருத்துகளையே வைத்துக்கொள்வோம். பயணம்: ஆம்பளை கிளம்பினால் யாத்திரை, பொம்பளை கிளம்பினால் ஊர் சுத்தல். விளையாட்டு: பெண்பிள்ளை ஓடினால் கைதட்டுவார்கள், கல்யாணம் ஆகும்வரை. அதற்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்கூடச் சிரிக்கிறார்கள். அன்றாட வாழ்க்கை: அதுதான் கீழே இருக்கிறது.

3

செல்வராணியின் கணவன் வசந்தகுமார் வருஷா வருஷம் பழனிக்கு நடந்தே போகிறவன். மாலை போட்டுவிட்டால் அவனை வீட்டில் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், பெண்டாட்டி உள்பட. எதிர்த்துப் பேசக்கூடாது.*

(*புருஷனோடு சண்டை போடலாம். சாமியோடு எப்படிப் போடுவது? இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.)

அவன் மலை ஏறி இறங்கும்வரை வீட்டு விளக்கு அணையக்கூடாது. அவள் வெளியூர் போகக்கூடாது. நடக்கிறவன் காலில் கொப்புளம் கிளம்பினால், வீட்டில் இருக்கிறவள் விரதத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி.

அந்த வாரம் பார்த்துத்தானா சத்யா போன் போட வேண்டும்? கூட ஓடியவள், இப்போது திருச்சியில் இருக்கிறாள்.

"ஏடி, ஞாயித்துக்கெழம இங்க மூத்தோர் தடகளப் போட்டி. ஒம்பேரக் குடுத்துட்டேன். வந்துரு."

"அன்னைக்கு சாமி நடந்துக்கிட்டு இருக்குமேடி."

"நடக்குறது அவருதானே? ஒங்காலுக்கு என்னடி வந்துச்சு?"

சாயந்தரமே செல்வராணி கேட்டுவிட்டாள். "சாமி, ஞாயித்துக்கெழம திருச்சிக்குப் போயிட்டுப் பொழுதோட வந்துரவா? வெளக்கப் பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கிறேன்னு சொல்லிருக்கு."

வசந்தகுமார் கோபப்படவில்லை. விரதத்தில் கோபம் ஆகாது. சிரித்தான். "தாராளமாப் போ. வழியில எனக்கு ஒண்ணுன்னா ஒம்மனசு தாங்குமான்னு மட்டும் பாத்துக்க."

பாவி. போகாதே என்று சொல்லியிருந்தால்கூட அவள் மீறியிருப்பாள்.

[இந்தப் 'பாவி' எழுதுகிறவள் வாயிலிருந்து வந்துவிட்டது. செல்வராணி சாமியை அப்படிச் சொல்லமாட்டாள்.]

4

ஞாயிறு விடிந்தபோது அவன் கூட்டத்தோடு நத்தம் தாண்டியிருந்தான். செல்வராணி குளித்து, விளக்குக்கு எண்ணெய் விட்டு, சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். கட்டைப்பையில் சேலைக்கு அடியில் ஷூ. புதுக்கோட்டை பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள். போன் அடித்தது.

"வீட்டுல என்ன செஞ்ச?" வசந்தகுமார்தான். "ரெண்டு காலும் கொப்பளிச்சுப் போச்சு. அடி எடுத்து வைக்க முடியல. குருசாமி கேக்குறாரு, வீட்டுல என்ன நடந்துச்சுன்னு. சொல்லு, என்ன செஞ்ச?"

அவள் இன்னும் ஊரையே தாண்டவில்லை! ஓடி ஓடிக் கால் தேய்ந்தவளுக்குக் கொப்புளம் எதனால் வரும் என்று தெரியாதா? வருஷமெல்லாம் பைக்கை விட்டு இறங்காதவன், மத்தியான வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தால் வரும். (விளையாட்டைப் பற்றிய கடைசிக் கருத்து.) அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சாமி" என்பதற்கு மேல் வரவில்லை.

கண்டக்டர் கத்தினார். "ஏறுறீங்களா எறங்குறீங்களாம்மா? படியில நின்னா எப்புடி?"

5

ஒரு முடிவு: ஏறினாள். ஓடினாள். கடைசியாக வந்தாள். வசந்தகுமார் பாதியில் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து தண்ணி மோட்டார் கெட்டால்கூட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணம்.

இன்னொன்று: இறங்கினாள். அவன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலை ஏறினான். பஞ்சாமிர்தத்தோடு வந்து, "இவ வீட்டுல இருந்ததாலதான் ஏறுனேன்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினான். அவளும் கையை நீட்டிப் பஞ்சாமிர்தத்தை வாங்கித் தின்றாள்.

மூன்றாவது: வசந்தகுமார் திருச்சி மைதானத்துக்கே வந்து, கண்கலங்கக் கைதட்டி

[நிலவழகன் சாருக்குப் பிடிக்கும். வசந்தகுமாரோடு ஒரு நாள் குடித்தனம் செய்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.]

ஒரே வரி போதும், அவளை பஸ்ஸில் ஏற்றிவிடலாம். பேனா எழுதுகிறவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் மலர் அச்சாகி வீட்டுக்கு வரும். வீட்டில் படிப்பார்கள்.

அதனால் அந்த வரியை உங்களிடம் விடுகிறாள். நீங்கள் ஏற்றிவிடுவீர்கள், தெரியும். அடுத்த வீட்டுப் பெண் என்றால் எல்லோரும் ஏற்றிவிடுகிறவர்கள்தான். உங்கள் வீட்டில் ஒருவர் மாலை போட்டிருக்கும்போது, உங்கள் வீட்டுப் பெண் படியில் ஒரு காலோடு நிற்கும்போது எழுதுங்கள், பார்ப்போம்.

இதற்கு மேல் எழுத நேரமில்லை. உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள், கொப்புளத்துக்கு மருந்து போட. மாலையைக் கழற்றி மூன்று நாளாகிறது. வாய் இன்னும் பழக்கத்தை விடவில்லை.

"இந்தா வாரேன், சாமி."