பதினேழு பிழைகள்

இளையவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டதுபோல் இருக்கும் அவளுக்கு.

இருவரும் ஓரகத்திகள். ஒருத்தி அண்ணன் மனைவி, மற்றவள் தம்பி மனைவி. அடுத்தடுத்த தெருவில் வீடு. மூத்தவள் ஆங்கிலத்தில் முதுகலை, பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த மொழிப் பயிற்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்தி வந்தாள். இளையவள் ஏதோ ஒரு பட்டம் வாங்கிவிட்டு, ஒரு விமான நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை மையத்தில் பத்து வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டி தொலைத்தவர்களுக்கும் விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கும் ஆங்கிலத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த மையத்தை இழுத்து மூடியதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

பாவம், சும்மா இருக்கிறாளே என்று மூத்தவளே இயக்குநரிடம் பேசினாள். யாரும் எடுக்க விரும்பாத தொடக்க வகுப்பு ஒன்று காலியாக இருந்தது. அதைத் தூக்கிக் கொடுப்பதால் தனக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது தெரிந்திருந்ததால், தாராளமாக இருப்பது சுலபமாக இருந்தது.

மூத்தவளை மாணவர்கள் 'கிராமர் மேடம்' என்பார்கள். வந்தவர்களில் நர்சுகள் உண்டு, டிரைவர்கள் உண்டு, ஓட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவர்கள் உண்டு. ஆங்கில வினைச்சொல்லின் பன்னிரண்டு காலங்களையும் மூன்று நிற மார்க்கரில் கட்டம் கட்டி எழுதுவாள். சொந்த மொழியில் ஒரு சொல் பேசினாலும் எழுந்து நிற்க வேண்டும். ஒருவன் "ஷி கோ" என்று ஆரம்பித்தால் போதும், அவள் கை உயர்ந்துவிடும். "கோஸ்" என்று அவன் திருத்திச் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பெண் எங்கே போனாள் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

இளையவள் முதல் நாளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். கட்டம் இல்லை, காலம் இல்லை. பஸ் தாமதமாக வந்தால் மேலதிகாரியிடம் என்ன சொல்வாய், மருந்துக் கடையில் தவறான மாத்திரை கொடுத்துவிட்டால் எப்படித் திருப்பிக் கொடுப்பாய் என்று கேட்பாள். முதலில் சொந்த மொழியிலேயே பேசிப் பார்த்துக்கொள்ளச் சொல்வாள், பிறகு ஆங்கிலத்துக்கு வரச் சொல்வாள். பேசும்போது குறுக்கிடவே மாட்டாள். கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்றே மூன்று பிழைகளை, யாருடையது என்று சொல்லாமல், பலகையில் எழுதித் திருத்துவாள். அந்த அறையிலிருந்து எப்போதும் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இது கிளாஸா, கல்யாண வீடா?" என்று மூத்தவள் டீ குடிக்கும் இடத்தில் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதையே கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் இளையவளின் வகுப்பில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்து அறை மூத்தவளுடையது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது கொழுந்தனார் தன் மனைவியின் வகுப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். மூத்தவளின் கணவரும் ஒத்து ஊதினார். அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போய், ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். இதையெல்லாம் கூட ஒதுக்கியிருப்பாள். பதினைந்து வயது மகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குச் சித்தி வீட்டில் போய்ப் பயிற்சி எடுக்கிறாள் என்று தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டிலேயே இரண்டாமிடக்காரி ஒருத்தி இருக்கும்போது அங்கே ஏன் போகிறாய் என்று கேட்டாள்.

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் என்ன சொல்றேன்னு சித்தி கேக்குறாங்கம்மா. நீங்க நான் சொல்றதுல இருக்கற தப்பைத்தான் கேக்குறீங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு வார்டு நர்ஸ் வந்து நின்றாள். மூத்தவளிடம் மூன்று வருடம் படித்தவள், எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் மதிப்பெண். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குத் தொலைபேசியில் நேர்காணல் நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சை தள்ளிப்போய்விட்டதை நோயாளியின் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்களாம். எந்தக் காலத்தில் ஆரம்பிப்பது என்று இவள் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். வகுப்பு மாற்றிக்கொள்ள மேடம் கையெழுத்துப் போட வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னாள். மூத்தவள் அவளை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். அன்று மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். பேச்சு வகுப்புகளை விரிவாக்கப் போகிறாராம். இளையவளை அதற்குப் பொறுப்பாளராகப் போடலாமா என்று யோசிக்கிறாராம். அனுபவசாலி என்ற முறையில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, நேர்மையாக ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்றார். நேர்மையாக என்ற சொல் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

புதன்கிழமை பதினோரு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். இளையவள் முகம் மலர்ந்து, "எங்க அக்கா வந்திருக்காங்க, யாரும் பயப்படாதீங்க" என்று அறிமுகம் செய்தாள். அன்று நர்சுகளுக்கான வகுப்பு, இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். ஒருத்தி வேலை முடிந்து போகிறவளாக நடிக்க வேண்டும், இன்னொருத்தி அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளாக. நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

வார்டு நர்சின் முறை வந்தது. ஏழாம் கட்டில் கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவர் தண்ணீர் குடிக்க மறுக்கிறார், குடித்தால் அடிக்கடி எழுந்து போக வேண்டும், எழுந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம், ஆனால் பயம் என்று சொல்ல வெட்கம். இதையெல்லாம் ஒட்டுப்போட்ட ஆங்கிலத்தில், கையை ஆட்டிக்கொண்டு சொன்னாள். தலைசுற்றல் என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, எழுந்து நின்றால் அவரைச் சுற்றி அறை நடக்கிறது என்று அர்த்தம் வரும்படி ஒரு வாக்கியத்தைக் கட்டிச் சொன்னாள். எதிரே இருந்தவள் உடனே புரிந்துகொண்டு, அப்படியானால் கட்டிலுக்குப் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டுமே என்றாள்.

மூத்தவளின் பேனா நின்றுவிட்டது. மூன்று வருடத்தில் அந்தப் பெண் தன் வகுப்பில் ஒரே மூச்சில் நான்கு வாக்கியம் பேசியதில்லை. அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இருபது வருடம் ஆங்கிலத்தோடு புழங்கியவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரிந்தது. பேனாவை மறுபடி தாளில் வைத்து, 'தலைசுற்றலுக்கு டிஸி என்ற அடிப்படைச் சொல்கூட மாணவிக்குத் தெரியவில்லை' என்று எழுதினாள்.

மொத்தம் பதினேழு பிழைகள். அதில் நான்கு ஆசிரியையினுடையவை. "டிஸ்கஸ் அபவுட்" என்று இளையவள் மூன்று முறை சொன்னாள். 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்' வராது என்பது பள்ளிக்கூடப் பாடம். அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. பிழைகளுக்கு வரிசை எண் போட்டு, சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்தாள். அன்று நன்றாகப் பசித்தது அவளுக்கு.

பத்து நாள் கழித்து இயக்குநர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். பேச்சு வகுப்புகளுக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வரப்போகிறார் என்றார். அதுவரை நீச்சல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவராம். பாடம் நடத்தியதில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர். அவர் படத்தை வாசலில் போட்டால் கூட்டம் வரும். இளையவளின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி.

"நான் சொல்லலம்மா, உங்க அக்காவே எழுதியிருக்காங்க பாருங்க. நம்ம ஆளுங்க இங்கிலீஷ்ல இவ்வளவு தப்பு வருது" என்று அறிக்கையை மேசைமேல் தள்ளினார். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பி, அவளுடைய வகுப்புகளும் பாதியாகக் குறையும் என்றார். இலக்கணப் பயிற்சிக்கு ஒரு செயலி வாங்கியாயிற்று. "தப்பைக் கண்டுபிடிக்க இனிமே போனே போதும் மேடம். நீங்க சந்தேகம் மட்டும் தீர்த்து வச்சா போதும்."

பக்கத்தில் இளையவள் அறிக்கையை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று. ஒன்றும் இல்லை.

படிக்கட்டில்தான் இளையவள் வாயைத் திறந்தாள். குரல் உயரவில்லை.

"'டிஸ்கஸ் அபவுட்' தப்புன்னு எனக்கு நெஜமாவே தெரியாதுக்கா. பத்து வருஷமா அப்படித்தான் பேசிட்டிருந்தேன். டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருத்திக்கிட்டிருப்பேன்ல."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. அண்ணன் தம்பி இருவரும் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டார்கள். மகள் சித்தி வீட்டுக்குப் போவதைச் சொல்லிக்கொள்ளாமலே போனாள். நிலையத்தில் நீச்சல்காரர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். ஆனால் ஒரு வாக்கியம் ஏன் தப்பு என்று கேட்டால், கேட்க நன்றாக இல்லை என்பார், அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. மாணவர்கள் அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு மூத்தவளிடம் வருவார்கள். அவள் விளக்குவாள். நன்றி சொல்லிவிட்டு அவரோடு படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள்.

ஒருநாள் வார்டு நர்ஸ் வந்தாள். மறுபடி நேர்காணல் நடந்து தேறிவிட்டாளாம். அவள் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட, சின்ன மேடம் வாரத்தில் மூன்று காலை அங்கே வகுப்பு நடத்துகிறாராம். இவள் அங்கேதான் பயிற்சி எடுத்திருக்கிறாள். "நீங்க போட்ட அடிப்படை மேடம், எழுத்துத் தேர்வுல ஒரு தப்புகூட வரல" என்று சொன்னபோது மூத்தவளுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். யாரிடம் முதலில் சொன்னாய் என்று கேட்டுவிட்டாள். சின்ன மேடத்திடம்தான் என்று அவள் கள்ளம் இல்லாமல் சொன்னாள். குளிர்ந்த இடத்திலேயே மறுபடி எரிந்தது. இத்தனைக்கும் பிறகு இன்னமும் எரிகிறதே என்று மூத்தவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்படியே விட்டால் தன்னைத் தின்று தீர்த்துவிடும் என்று பட்டது.

அன்று மாலையே இளையவள் வீட்டுக்குப் போனாள். இளையவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், மடிப்பதை நிறுத்தவில்லை. மூத்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"பொறாமைதான். வேற ஒண்ணும் இல்ல. நான் பொய் எழுதலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பொண்ணு வார்த்தை தெரியாமலே சொல்லி முடிச்சாளே, அதை நானும் கேட்டேன். நல்லா இருக்குன்னு தெரிஞ்சுதான் எழுதாம விட்டேன்."

இளையவள் ஒரு சட்டையின் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பரவாயில்லன்னு சொல்லணும்னுதான் பாக்குறேன். வாய் வரலக்கா."

"வர வேண்டாம்."

துணியை மடித்து முடித்ததும் இளையவளே பேசினாள். நர்சுகள் பேசிவிடுகிறார்கள், ஆனால் நோயாளி ஒப்படைப்புக் குறிப்பை எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். கொடுத்தார் என்பதற்கும் கொடுக்கப்போகிறார் என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதினால் ஒரே மருந்து இரண்டு தடவை போய்விடும். அதைச் சொல்லிக் கொடுக்கத் தனக்கு வரவில்லை என்றாள். தலைமை நர்ஸ் வியாழக்கிழமையும் அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. வியாழக்கிழமைக்கு யாராவது வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மூத்தவள் போனாள். முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். கை பழக்கதோஷத்தில் மேலே எழும்பியது, மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, நோயாளிக்கு ஆபத்தான பிழையை மட்டும் முதலில் காட்டினாள். மற்றதை அடுத்த வாரத்துக்கு வைத்தாள். அப்படி வைப்பது ஒவ்வொரு முறையும் கல்லை விழுங்குவதுபோல் இருந்தது. ஒரு வார்டு உதவியாளர் தன் குறிப்பை எடுத்து வந்து, டாக்டர் இதைப் படித்துவிட்டுத் திருப்பி எதுவும் கேட்கவில்லை, முதல் தடவையாக, என்று காட்டினார். அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

இளையவள் வியாழக்கிழமைகளில் சாவி கொடுக்க வருவாள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் பழைய கலகலப்பு இல்லை, வேலை விஷயம் பேசிவிட்டுப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி தொடங்கியது. கொழுந்தனார் வகுப்புப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த அறைக் கதவில் வருகைப் பதிவு மாட்டியிருக்கிறது. மற்ற நாட்களில் எத்தனை கையெழுத்து, வியாழக்கிழமை எத்தனை என்று மூத்தவள் ஒவ்வொரு வாரமும் எண்ணிப் பார்க்கிறாள். இளையவளுக்குப் பதினான்கு, தனக்கு ஒன்பது. போன வாரம் தனக்குப் பத்து ஆயிற்று. இளையவளுக்குப் பதினைந்து. மூத்தவள் அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய், நாற்காலிகளைப் போடத் தொடங்கினாள்.