விட்டாச்சா?

கஞ்சாவை விட்டுவிட்டேன் என்று லிஃப்ட்காரர் சொன்னபோது டாக்டர் தலையாட்டினார். பிறகு மூத்திரத்தைக் கேட்டார்.

ஒரு தடவையோடு முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். போய் ஒரு சின்ன டப்பாவை நிரப்பிக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்ட ஆளுக்கு அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கழிப்பறைக்கு வெளியே நின்றுகொண்டு நர்ஸ், அவசரமில்லை ஐயா, மெதுவாக வாருங்கள் என்பார். வாழ்க்கையில் தன்னை இவ்வளவு மரியாதையாக யாரும் சந்தேகப்பட்டதில்லை என்று அவருக்குத் தோன்றும்.

கடைசிப் பரிசோதனையும் சுத்தம் என்று வந்த அன்று கோஆர்டினேட்டர் அம்மா அவரை உட்காரச் சொன்னார். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று டாக்டர்கள் கூடிப் பேசும் முன்னால், ஆளை எடைபோட்டுச் சொல்கிறவர் அவர்தான்.

"கஞ்சா இலை விஷயம் முடிஞ்சுது. இனி ஆள் விஷயம்" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் வீட்டில் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். மாத்திரை தவறக் கூடாது. காய்ச்சல் வந்தால் எந்த நேரமானாலும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் பட்டியலில் பெயர் இல்லை.

"கூட யாரு இருக்கா?"

லிஃப்ட்காரர் ஜன்னலைப் பார்த்தார். மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. செத்துப்போகவில்லை, வேறு வீட்டுக்குப் போனாள். கேட்டதற்குப் பதில் பேசாத மனுஷனோடு எத்தனை வருஷம்தான் குடித்தனம் பண்ணுவது என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை.

"ஒருத்தர் இருக்கார். கூட்டிட்டு வரேன்" என்றார்.

அந்த ஒருத்தர், மேல்மாடி.

லிஃப்ட் வேலை இருவர் வேலை. ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில். மற்றவர் கீழே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல், இருட்டில். கம்பிக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாகத்தான் இருவருக்கும் பேச்சு. முகம் தெரியாது. நின்றுபோன பெட்டியைக் கையால் நகர்த்த வேண்டுமென்றால் மேலே இருப்பவர் லிவரை அழுத்தி பிரேக்கை விட வேண்டும். விட்டதும் பெட்டி நகரும். மேலே போகுமா கீழே போகுமா என்பது பாரத்தைப் பொறுத்தது. அதனால் கீழே இருப்பவர் கேட்பார்: விட்டாச்சா? மேலிருந்து மூன்றில் ஒரு பதில்தான் வரலாம். இன்னும் இல்ல. கை வச்சாச்சு. விட்டாச்சு. நாலாவது பதில் கிடையாது. வேறொரு கம்பெனியில் ஒருவர் ஏதோ நினைப்பில் 'ம்' என்றார். கீழே நின்றவருக்கு ஒரு பாதம் போயிற்று.

லிஃப்ட்காரர் கீழே. மற்றவர் மேலே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். மெஷின் ரூமிலேயே கிடந்ததால் அவருக்கு மேல்மாடி என்று பெயர் வந்தது. மேல்மாடி காலி என்று கேலியும் கூடவே வந்தது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. காலிதான், வாடகைக்கு ஆள் தேடுகிறேன் என்பார்.

லிஃப்ட்காரரின் சிறுநீரகத்தைத் தின்றது சர்க்கரை நோய். டயாலிசிஸ் முடிந்து வந்தால் குமட்டும். கால் நரம்புகள் சுண்டி இழுக்கும். தூக்கம் வராது. ஒரு நாள் மேல்மாடி ஒரு பொட்டலத்தோடு வந்தார். சுருட்டிக் கொடுத்தார். அன்று லிஃப்ட்காரர் தட்டில் போட்டதை முழுதும் சாப்பிட்டார். அதன்பிறகு சாயங்காலமானால் மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் தன் ஆயுளில் அதிகம் பேசியது அங்கேதான். அப்பாவைப் பற்றிப் பேசினார். போன மனைவியைப் பற்றிப் பேசினார். பேச வைத்தது இலையா, பக்கத்தில் இருந்த ஆளா என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

இலையை விட்டால்தான் பட்டியலில் பெயர் என்று டாக்டர் சொன்னபோது மேல்மாடிதான் கொதித்தார்.

"குடிச்சு ஈரல் போனவன், குடியை நிறுத்தினா ஈரல் குடுக்கிறாங்க. அது சரி. அவனைக் கெடுத்தது குடி. உனக்குப் போனது சர்க்கரையில. இலை என்னய்யா பண்ணுச்சு உன்னை?"

டாக்டரிடம் லிஃப்ட்காரர் அதையே கேட்டார், கொஞ்சம் மரியாதையாக. டாக்டர் கோபப்படவில்லை. குற்றம் சொல்லவில்லை என்றார். மாற்று உறுப்பை உடம்பு உதறித் தள்ளாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பையே அடக்கி வைக்கும் மருந்து ஆயுளுக்கும் உண்டு. இலையில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருக்கும். மற்றவர் நுரையீரலில் அது ஒன்றும் செய்யாது. எதிர்ப்பில்லாத நுரையீரலில் வீடு கட்டும். போதாததற்கு, அந்த மருந்தின் அளவையும் இலை குழப்பும். வேறு டாக்டர்கள் இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேல்மாடி சொன்னதிலும் இருந்தது. ஆனால் சிறுநீரகம் டாக்டரிடம் இருந்தது.

விட்டார். நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. தூக்கம் போயிற்று, அவ்வளவுதான். நாற்காலிகள்தான் பிரிந்தன. மேல்மாடி தினமும் வந்தார். ஈர விரலைத் தூக்கிக் காற்றுப் பார்ப்பார். காற்று போகிற பக்கத்துக் கோடியில் தன் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். லிஃப்ட்காரர் மறு கோடியில். காற்று திரும்பினால் இருவரும் எழுந்து இடம் மாறுவார்கள். அந்தத் தூரத்தில் கத்தித்தான் பேச வேண்டும். கிரிக்கெட்டைக் கத்திப் பேசலாம். அப்பாவைக் கத்திப் பேச முடியாது. பேச்சு மெலிந்தது. இருட்டில் எதிர்க் கோடியில் ஒரு சிவப்புப் புள்ளி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

துணையாக வர முடியுமா என்று கேட்டபோது மேல்மாடி, நான் வராமல் வேறு யார் வருவது என்று சலித்துக்கொண்டார். அதுதான் சம்மதம். ஒரு சிக்கல் இருந்தது. துணைக்கு இருப்பவரும் புகைக்கக் கூடாது. இவரால் விட முடியாது. வேலையில் முதுகில் விழுந்த அடிக்குப் பிறகு இலை இல்லாமல் அவர் கண்மூடியதில்லை. சும்மா இல்லையென்று சொல்லிவிடுவோம், ஆபரேஷன் நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மொட்டைமாடியில் ஒத்திகை நடந்தது. லிஃப்ட்காரர் கோஆர்டினேட்டர் அம்மாவானார்.

"கஞ்சா பழக்கம் உண்டா?"

"இல்லைங்கம்மா."

"எப்பவாவது?"

"படிக்கிற காலத்துல, ஒரு தடவை."

"நீ எங்கய்யா படிச்ச?"

இருவரும் சிரித்தார்கள். மேல்மாடி இருமல் வரும்வரை சிரித்தார்.

கூட்டிப்போன அன்று மேல்மாடி சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். தலையை நனைத்து வாரியிருந்தார். கோஆர்டினேட்டர் அம்மா பல கேள்விகள் கேட்டார். வீட்டில் மாடிப்படி எத்தனை. மாத்திரைப் பெயர்களைப் படிக்க வருமா. எத்தனை வருஷப் பழக்கம். அவர் எல்லாவற்றுக்கும் அம்மா போட்டுப் பதில் சொன்னார். புகைப்பீர்களா என்ற கேள்விக்கும் கண்ணிமைக்காமல் இல்லைங்கம்மா என்றார். அந்த அம்மா அதை நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து, வரும் தேதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளறைக்குப் போனார். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தபடியே, முகம் தெரியாமல், சாதாரணமாகக் கேட்டார்:

"அவரைப் போலவே நீங்களும்னு எழுதிக்கட்டுமா? விட்டாச்சா?"

மேல்மாடியின் முதுகு நிமிர்ந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் இல்ல."

தெளிவாக, கணீரென்று வந்தது. கட்டடம் முழுக்க இறங்கிப் போகும் குரல். அலமாரிச் சத்தம் நின்றது.

கோஆர்டினேட்டர் அம்மா திரும்பி வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது. மேல்மாடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பான ஆளுங்கன்னு நான் நினைக்கலை" என்றார் அந்த அம்மா. "கிடைக்கிறது ஒரு சிறுநீரகம். வெளியில வராண்டாவுல பார்த்திருப்பீங்க, எத்தனை பேர்னு. அதைக் காப்பாத்துற வீடாப் பார்த்துத்தான் குடுக்க முடியும்."

மேல்மாடி இலையை விட்டு, சோதனைகளில் தேறினால் வரலாம். இல்லையென்றால் வேறு துணை. அதுவரை பெயர் ஏறாது. லிஃப்ட்காரர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் கையில் டயாலிசிஸ் ஊசி குத்த இடம் தீர்ந்துகொண்டு வந்தது. அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

லிஃப்டில் இறங்கினார்கள். வேறு யாரும் இல்லை. இரண்டாவது மாடி தாண்டும்போது பெட்டி லேசாக உறுமியது.

"பிரேக் தேய்ஞ்சிருக்கு" என்றார் மேல்மாடி.

"ஆமா."

"என் நாக்கை அறுத்துப் போடணும்."

"அறுத்துட்டா மேலேருந்து யாரு பதில் சொல்றது?"

திட்டிவிடு என்று மேல்மாடி கேட்டுக்கொண்டார். லிஃப்ட்காரருக்குத் திட்ட வரவில்லை. அந்தக் கேள்விக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு பொய் வந்திருந்தால், இத்தனை வருஷம் அந்தக் குரலை நம்பிக் கீழே நின்றதே பொய்யாகியிருக்கும் என்று தோன்றியது. தெருவுக்கு வரும்வரை, விட்டுவிடுகிறேன் என்று மேல்மாடி சொல்வாரா என்று பார்த்தார். மேல்மாடி சொல்லவில்லை. சொன்னால் அது பதிலாகிவிடும்.

அன்றிரவு படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கெட்டது என்று எல்லோரும் சொன்ன இலையை ஒரே மூச்சில் விட முடிந்தது. நல்லது என்று எல்லோரும் சொல்லும் துணையை எந்த மூச்சில் பிடிப்பது? துணை இருப்பவனுக்குத்தான் வைத்தியம் என்றால், வராண்டாவில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

மறுநாள் தங்கைக்குப் போன் செய்தார். அவள் வேறு ஊரில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை பேசிக்கொள்கிறவர்கள். விஷயத்தைக் கேட்டதும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிபந்தனை போட்டாள்.

"வந்துடுண்ணா. நான் பார்த்துக்கறேன். ஆனா உன்னைக் கெடுத்த அந்த ஆள் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

தன்னைக் கெடுத்தது சர்க்கரை என்று சொல்ல வாயெடுத்தார். விட்டுவிட்டார்.

பஸ் வரை மேல்மாடிதான் பெட்டியைத் தூக்கி வந்தார். மேல் தட்டில் ஏற்றினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார், விழாதல்லவா என்று. பிறகு இறங்கிப் போய்விட்டார். கையசைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பெயர் பட்டியலில் ஏறியது. எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம் என்றார்கள். வராமலும் போகலாம் என்பதைச் சொல்லவில்லை.

தங்கை வீட்டில் அவருக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் புது மெத்தை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். மாப்பிள்ளை நல்ல மனிதர். டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார். இங்கே யாரும் அவரை லிஃப்ட்காரர் என்று கூப்பிடவில்லை. டயாலிசிஸ் நர்ஸுக்குப் பெரியவர். தங்கைக்கு அண்ணா. தெருவுக்கு, கிட்னி போன அண்ணன். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, படுத்தாச்சா என்று நாள் முழுக்கக் கேள்வி வந்துகொண்டிருந்தது. ஆச்சு என்பார். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. துவைக்கப் போடும் முன் தங்கை அவர் சட்டையை மோந்து பார்ப்பாள். அவர் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள். அவரும் பார்க்காதவர் போல இருப்பார். அந்தச் சட்டையில் சோப்பு வாசனைதான் இருக்கும். சில சமயம் அவரும் மோந்து பார்த்தார், வேறெதற்கோ.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேல்மாடி போன் செய்வார். லிஃப்ட்காரர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலருகில் நின்று பேசுவார். பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சு. ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக்கை இன்னும் மாற்றவில்லை. முதுகு அப்படியேதான் இருக்கிறது.

"உன் நாற்காலியில இப்ப ஒரு காக்கா உட்காருது. உன்னைவிட நல்லாப் பேசுது."

அந்தக் கேள்வியை லிஃப்ட்காரர் ஒவ்வொரு வாரமும் வாய்வரை கொண்டுவந்து விழுங்கினார். விட்டாச்சு என்று பதில் வந்தால் அவர் வீடு திரும்பலாம். பழைய பட்டியலில், பழைய மொட்டைமாடியில், பழைய ஆளோடு. இன்னும் இல்லை என்று வந்தால் அதையும் நம்பியாக வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் நம்பியாக வேண்டிய ஒரு ஆளிடம் கேட்பது எளிதல்ல.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார். காக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நடுவில், தொழில் குரலில்.

"விட்டாச்சா?"

போனில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உச்சியிலிருந்து, கயிறுகளுக்கு நடுவே இறங்கி வருவது போல, அந்தக் குரல்.

"கை வச்சாச்சு."

இந்தப் பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கைக்கு எட்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

லிஃப்ட்காரர் பாதங்களைச் சேர்த்து வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். போனை இருவரும் வைக்கவில்லை.

உள்ளேயிருந்து தங்கை, மாத்திரை போட்டாச்சாண்ணா என்றாள். அவர் அசையவில்லை.