பிரதட்சிணமாகச் சுற்றிய ஆட்டுக்கல்

1958 வரை எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும் தாலி கட்டுவதை நான் பார்த்ததில்லை. அக்கா கழுத்தில் தாலி ஏறியபோது கொல்லையில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். சித்தி பெண் கல்யாணத்திலும் அதே கல், அதே உளுந்து. “நீலாம்பாள் ஆட்டினால்தான் வடை பொங்கும்” என்று புகழ்ந்தே என்னை அங்கே கட்டிப்போட்டுவிட்டார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

1958இல் தங்கை சீதாவுக்கு மட்டாஞ்சேரி வீட்டிலேயே கல்யாணம் நிச்சயமானது. நான் தூக்கி வளர்த்த பெண். “இந்தத் தடவை பந்தலில்தான் உட்காருவேன்” என்று சண்டை போட்டேன். தம்பி வெங்கிட்டு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். எனக்குப் பதிலாக மாவாட்ட அவன் ஓர் அரைக் குதிரைசக்தி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினான்.

“மீதி அரைக் குதிரை எங்கேடா?” என்றாள் லோகாம்பாள் அத்தை. கல்யாணச் சமையலுக்கு அவள்தான் ராணி.

வெங்கிட்டுவுக்கு எதுவும் கடைசி நிமிஷத்தில்தான் நடக்கும். கல்யாணத்தன்று காலையில்தான் குழவியின் தலையில் மரச்சக்கரத்தைப் பொருத்தி, பக்கத்தில் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, இரண்டுக்கும் தோல் பட்டையை மாட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் குழவி தானாகச் சுற்றியது. நான் குதித்தேன்.

“நிறுத்துடா!” என்று அத்தை அலறினாள். “இடத்தோட்டுன்னா சுத்தறது! கல்யாண மாவை அப்பிரதட்சிணமா ஆட்டப்படாது. நீலா, நீயே உக்காருடீ.”

“மோட்டாரைத் திறந்து வயர் மாத்தணும் அத்தை. முகூர்த்தத்துக்குள்ள முடியாது” என்று வெங்கிட்டு தலையைச் சொறிந்தான்.

பட்டையைப் பிடுங்கி எறிந்தான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “இன்னொரு தரம் போட்டுக் காட்டுடா!” என்று கத்திக்கொண்டே பட்டையை நானே எடுத்து மாட்டினேன். அழுகையில் கண் தெரியவில்லை. பட்டை நடுவில் முறுக்கிக்கொண்டு நீளம் போதாமல் இழுத்தது. மோட்டாரைக் காலால் ஒரு நெட்டு நெட்டிக் கிட்டே தள்ளி மாட்டிவிட்டேன். பயந்துபோன வெங்கிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

குழவி வலப்பக்கமாகச் சுற்றியது.

மோட்டார் என்னவோ பழையபடி இடப்பக்கம்தான் ஓடியது. முறுக்கிய பட்டை குழவியைத் திருப்பிவிட்டது. “பட்டையைக் குறுக்கப் போட்டா எதிர்ப்பக்கம் சுத்தும், நேக்குத் தெரியுமே” என்றான் அந்தத் திருட்டுப் பயல். அவனை அடிக்க நேரமில்லை. பந்தலில் கெட்டிமேளத்துக்குத் தயாராகிவிட்டார்கள்.

அத்தை கல்லைக் கும்பிட்டுவிட்டு மாவைத் தள்ள உட்கார்ந்தாள். “இங்கே என்ன பார்த்துண்டு நிக்கறே? ஓடுடீ!”

ஓடினேன். சீதா அப்பா மடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அவள் தற்செயலாக நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள்.

“அக்கா!” என்று மந்திரத்துக்கு நடுவில் சத்தமாகக் கூப்பிட்டாள். சாஸ்திரிகளே ஒரு நொடி திக்கிப்போனார். பந்தலே சிரித்தது. நான் வருவேன் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.