பதினோரு மணிக் காய்ச்சல்

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலை. அங்கே வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஜூன் மாதம் சேர்ந்தேன். ஜூலை மழையோடு இன்ஃப்ளூயன்சாவும் வந்தது.

காலை எட்டரைக்கு வாசலில் ஒவ்வொரு குழந்தையின் நெற்றியிலும் தெர்மாமீட்டரைக் காட்டுவேன். யாருக்கும் காய்ச்சல் இருக்காது. பதினோரு மணிக்கு மூன்று பேருக்கு நூற்றிரண்டு டிகிரி. தொடர்ந்து மூன்று நாள் இப்படியே.

நுண்ணுயிரியல் படித்தவள் நான். காரணம் புரிந்தது. வீட்டில் ஆறரைக்குக் கொடுத்த பாராசிட்டமால் சிரப்பின் வேகம் பதினொன்றுக்குத் தீர்ந்துவிடுகிறது. வாசலில் காய்ச்சல் தெரிந்தால் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவும் அன்று வேலைக்குப் போக முடியாது. அது தெரிந்ததால் கேட்க வாய் வரவில்லை.

ஆனால் அதே பாயில்தான் ஒன்றரை வயது இளவேனிலும் விளையாடினாள். அவளுக்கு மூச்சுத்திணறல் உண்டு. போன மாதம் வெறும் சளிக்கே நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்தாள்.

மேலாளரிடம் பேசத் தைரியமில்லை. காய்ச்சல் குழந்தைகளுக்குத் தனி அறை கேட்டுக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். மறுநாளே பக்கத்துத் துணி அறையைக் காலி செய்து கொடுத்தார்.

அன்று காலை வாசல் வரிசையில் முதலில் நின்றவள் எல்லம்மா. இடுப்பில் மகன் உமேஷ்.

"அக்கா, சிரப் எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"இன்னாம்மா, போலீஸ் மாதிரி கேக்கற? ஜொரம் இருந்தா மிஷின்ல காட்டாதா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரப் சூட்டைத்தான் குறைக்கும், கிருமி உள்ளேயே இருக்கும், ஒரு இருமலில் பக்கத்துக் குழந்தைக்கும் போய்விடும் என்றேன். என் குரல் கேட்க அவள் குனிய வேண்டியிருந்தது.

"திருப்பி அனுப்ப மாட்டேன்க்கா. தனி ரூம் இருக்கு, நானே கூட உக்காந்துக்கறேன். இளவேனிலுக்கு வந்தா மறுபடியும் ஆஸ்பத்திரிதான்."

எல்லம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். இளவேனில் பாயில் குப்புறப் படுத்து ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறரைக்கு. அஞ்சு எம்.எல்," என்றவள் வரிசைப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் சொல்லிடுங்கடி. இந்தப் பொண்ணு திருப்பி அனுப்பாதாம்."

அன்று நான்கு குழந்தைகள் துணி அறைக்கு வந்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்து, முகக்கவசத்தோடு உட்கார்ந்தேன். உமேஷ் என் மடியில் இருமி இருமித் தூங்கினான்.

இளவேனிலுக்குத் தொற்றியிருந்தால் நான்கு நாளுக்குள் தெரிந்துவிடும். எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள், பெரிய அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜானகி அக்கா கதவருகே வந்து நின்றார்.

"உன் இளவேனிலு அடுத்தவன் வாழைப்பழத்தையும் புடுங்கித் தின்னுட்டா. இன்னும் கேக்கறா."