ஆளற்ற நிலத்தில் ஒரு காய்ச்சல்

வெள்ளைக்கரட்டில் சூரிய மின்நிலையம் அமைந்திருப்பது ஆளற்ற தரிசு நிலத்தில் என்று மாவட்டப் பத்திரிகையில் செய்தி வந்த காலையிலிருந்து, அவ்வூரார் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். குரல்கள் மட்டும் எஞ்சின. செய்தி ஆட்களைத்தான் இல்லையென்றது. குரல்களைப் பற்றி ஏதும் சொல்லவில்லை.

அவ்வூர்ப் பேச்சித்தாய் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அச்சேறியது திருத்தம் வரும்வரை நிற்கும் என்பது அவ்வட்டாரத்தில் எல்லாரும் அறிந்ததே. முன்பொரு முறை, அதே நிலையத்தின் மெகாவாட் கணக்கைப் பத்திரிகை குறைத்துத் திருத்தியபோது, விடியலில் கடைசி வரிசைச் சூரியத் தகடுகள் இல்லை. யாரும் தேடவுமில்லை.

ஆனால் மகள் தங்கமாரிக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

"யக்கா, குரல் கேக்கு. ஆனா குரலுக்கு எப்படி ஊசி போட? பேப்பர்ல திருத்தம் போடச் சொல்லிட்டு வாங்க" என்றாள் நர்ஸ், தூணைப் பார்த்துக் கனிவாக.

அங்கிருந்து அவள் போன பத்திரிகை அலுவலகத்தில் நிருபர் அருளப்பன் இருந்தார். முதல் செய்தியை மேசையில் உட்கார்ந்தபடியே எழுதியவர் அவர்தான். அதற்காக மனம் வருந்தி, நேரில் அறியாத எதையும் இனி எழுதுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். மறுநாள் உச்சி வெயிலில் பைக்கில் அவள் வீட்டுக்கே வந்தார். பேச்சித்தாய் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தகடுதாம்மா தெரியுது."

"அப்போ மோரு தந்தது தகடா?"

"மோர் இருந்துச்சு. தந்த கை தெரியலையே."

அவர் கையைப் பிடித்து மகளின் நெற்றியில் வைத்தாள். அவர் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"சூடு இருக்கு. ரொம்பவே இருக்கு. நெத்தி தட்டுப்படல."

"பேரு தங்கமாரி. அதையாவது எழுதுங்க சார்."

"உறுதியானத மட்டும் கண்டிப்பா போடுறேம்மா."

போட்டார். ஆறாம் பக்கத்தின் அடியில், கட்டம் கட்டி: 'வெள்ளைக்கரட்டின் ஆளற்ற தரிசில் ஒரு காய்ச்சல் இருக்கிறது. முந்தைய செய்தியில் இது விடுபட்டமைக்கு வருந்துகிறோம்.'

பொழுது ஏறுமுன் ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் பேச்சித்தாயின் தோளிலிருந்து காய்ச்சலைப் பக்குவமாகத் தூக்கி, ஸ்ட்ரெச்சரில் கிடத்திப் போர்த்தினாள். "கவலப்படாதீங்க யக்கா, நல்லா பாத்துக்கிடுதோம்" என்றாள்.

தங்கமாரி தோளிலேயே கிடந்தாள். மேனி குளிர்ந்துகொண்டே வந்தது. அந்தி சாயும்போது பேச்சித்தாய் கூப்பிட்டுப் பார்த்தாள். குரலும் இல்லை.

தகடுகளுக்குப் பின்னால் புதைத்தார்கள். ஊர்க் குரல்கள் ஒப்பாரி வைத்தன. தகடு துடைக்க வந்த வேலையாட்கள், ஒப்பாரி முடியும்வரை வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில், அடுத்த வாரம் என்பாரும் உண்டு, காய்ச்சல் முற்றிலும் குணமாகி வீட்டுக்கு நடந்து வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தங்கமாரியின் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"ஆறட்டும், இரு" என்று பேச்சித்தாய் கஞ்சி ஊற்றினாள்.